தீவில் இருந்த மற்றவன்



1719ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் லண்டன் மாநகரில் வில்லியம் டெய்லர் என்ற பதிப்பாளர் வெளியிட்ட ஒரு புத்தகம், ஆசிரியர் இன்னார் என்று முகப்பில் சொல்லாமல், கப்பலுடைந்து கரையேறிய மாலுமி ஒருவன் தன் கையாலேயே எழுதிய உண்மைச் சரித்திரம் என்ற பாவனையோடு வெளிவந்து, அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்துக்குள் நான்கு பதிப்புகளைக் கண்டது. அதன் ஆசிரியராகிய டானியல் டீபோ அப்போது அறுபது வயதை ஒட்டியிருந்தவர். வியாபாரம் செய்து நொடித்தவர். அரசியல் எழுத்துக்காகச் சிறையும் தண்டனைக் கட்டையும் கண்டவர். அவர் படைத்த ராபின்சன் குரூசோ என்பவன் 1659 செப்டம்பர் 30ஆம் நாள் ஓரினோகோ நதியின் முகத்துவாரத்துக்கு எதிரேயுள்ள ஒரு பாழ்ந்தீவில் ஒதுங்கி, இருபத்தெட்டு ஆண்டு, இரண்டு மாதம், பத்தொன்பது நாள் அங்கே வாழ்ந்தான் என்பது கதை. ரூஸோ, 1762இல் எழுதிய 'எமீல்' என்ற நூலில், தம் மாணாக்கன் முதன்முதலில் படிக்க வேண்டிய புத்தகமாக இதையே விதித்தார். பொருளாதார சாஸ்திரிகள் தனிமனித உழைப்பை விளக்க இவனையே உதாரணமாகக் கொண்டார்கள். மார்க்ஸும் தம் 'மூலதன'த்தில் இவனை விட்டுவைக்கவில்லை.

இவ்வளவு புகழும் குரூசோவுக்குச் சேர்ந்தது. இன்று நான் பேச விரும்புவது அந்தத் தீவிலும் அதற்கு முந்தைய படகிலும் அவனோடு இருந்த மற்றவர்களைப் பற்றியும், அவர்கள் பக்கத்திலிருந்து அதே கதையைத் திரும்பச் சொல்ல முயன்ற பிற்காலத்து எழுத்தாளர்களைப் பற்றியும் ஆகும்.

ஒரு பேரிலக்கியத்தை வேறொருவர் எடுத்து, பார்வையை மாற்றி, மறுபடியும் சொல்லலாமா என்ற ஐயம் தமிழ் வாசகருக்கு அதிகமாக எழ நியாயமில்லை. அகலிகையின் கதையைக் கம்பன் வாயிலாகக் கேட்டு வளர்ந்த நாம், புதுமைப்பித்தன் 1943இல் எழுதிய 'சாப விமோசன'த்தில் அதே அகலிகை, சீதை தீக்குளித்த செய்தியைச் சீதையின் வாயாலேயே கேட்டு, மறுபடியும் கல்லாகிப் போனதைப் படித்திருக்கிறோம். அதனால் கம்பனுக்கு ஒரு குறைவும் நேரவில்லை. அகலிகைக்குத்தான் ஒரு நியாயம் கிடைத்தது. ஆயினும் எல்லா மறுகூற்றும் நல்ல மறுகூற்று ஆகிவிடாது. மூலநூலாசிரியர் எந்த இடத்தில் கதவைச் சாத்தாமல் விட்டாரோ அந்த இடத்தைக் கண்டுபிடித்து நுழைபவனே அந்த உரிமைக்குப் பாத்திரமானவன் என்பது என் அபிப்பிராயம். டீபோவின் நூலில் அத்தகைய கதவுகள் பல உண்டு.

முதலாவது கதவு, தீவுக்கு வருவதற்கு முன்பே திறக்கிறது. பல சுருக்கங்களில் விடுபட்டுப் போகும் பகுதி இது. ஆகையால் சற்று விரித்துச் சொல்கிறேன். குரூசோ தன் வாலிபத்தில் கடற்கொள்ளையரிடம் அகப்பட்டு, மொராக்கோ நாட்டு ஸாலே துறைமுகத்தில் அடிமையாக இருந்தவன். அங்கிருந்து ஒரு மீன்பிடி படகில் தப்பியபோது அவனுக்குத் துணையாக வந்தவன் ஸூரி என்ற சிறுவன். ஆப்பிரிக்கக் கரையோரமாக அவர்கள் செல்லும்போது, தண்ணீர் தேடிக் கரையில் இறங்க வேண்டிய ஒரு வேளையில், காட்டு மனிதர் வந்தால் தன்னைத் தின்றுவிட்டுப் போகட்டும், நீ தப்பிக்கொள் என்ற கருத்தில் அந்தப் பிள்ளை பேசுகிறான். குரூசோ அவனை என்றும் நேசிக்கத் தோன்றியதாகவும் எழுதுகிறான். பிறகு போர்த்துக்கீசியக் கப்பல் ஒன்று அவர்களைக் காப்பாற்றுகிறது. அதன் தலைவன், படகுக்கு எண்பது வெள்ளி நாணயம் தர இசைகிறான், ஸூரிக்கு அறுபது. தன் விடுதலைக்கு உதவியவனுடைய விடுதலையை விற்பதற்குக் குரூசோவின் மனம் சிறிது தயங்குகிறது. கிறிஸ்தவனானால் பத்தாண்டில் விடுதலை செய்வதாகத் தலைவன் உறுதி கூறியதும் அத்தயக்கம் தீர்ந்துபோகிறது. பிற்பாடு பிரேசிலில் கரும்பும் புகையிலையுமாகத் தோட்டம் வைத்துக்கொண்டு வேலைக்கு ஆள் போதாமல் அவதிப்படும்போது, ஸூரியை விட்டது தவறு என்று நினைக்கிறான். அந்த நினைப்பும் உழைப்பைப் பற்றியதே ஒழிய, பிள்ளையைப் பற்றியதன்று. குரூசோவைத் தீவில் தள்ளிய கடற்பயணமும் ஆப்பிரிக்காவின் கினியாக் கரைக்கு அடிமைகளைக் கொண்டுவரப் போன பயணமே.

டீபோ இதையெல்லாம் மறைக்கவில்லை. படகின் விலையையும் பையனின் விலையையும் அடுத்தடுத்து எழுதிவைத்தவர் அவரே. அவ்விரண்டு எண்களுக்கும் நடுவே நின்று ஒரு பெருமூச்சு விடக் குரூசோவால் முடியவில்லை, வாசகனால் முடியும். மறுகூற்று பிறக்கும் இடம் அதுதான்.

இரண்டாவது கதவு, பிரைடே. தீவில் இருபத்து நான்கு ஆண்டுக்காலம் தனித்திருந்த பிறகு, பகைவரால் கொன்று தின்னப்படவிருந்த ஒரு வாலிபனைக் குரூசோ காப்பாற்றுகிறான். அவன் ஓடிவந்து மண்டியிட்டு, மண்ணை முத்தமிட்டு, குரூசோவின் பாதத்தை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொள்கிறான். அந்நாள் வெள்ளிக்கிழமை என்று குரூசோவின் கணக்கு சொன்னபடியால் அக்கிழமையே அவன் பெயராகிறது. அவனுக்குத் தாயும் தந்தையும் வைத்த பெயர் என்ன என்று குரூசோ கேட்டதாக நூலில் ஓரிடத்திலும் இல்லை. 'எஜமான்' என்று தன்னை அழைக்கக் கற்பித்த பிறகே, ஆம் என்றும் இல்லை என்றும் சொல்லக் கற்பிக்கிறான்.

இந்தக் காட்சிக்குப் பக்கத்தில் வேறொரு காட்சியை வைத்துப் பார்க்கும்படி உங்களை வேண்டுகிறேன். இது கற்பனையன்று; வில்லியம் டாம்பியர் என்ற கடலோடி 1697இல் வெளியிட்ட யாத்திரை நூலில் உள்ளது. பசிபிக் சமுத்திரத்திலுள்ள ஹுவான் பெர்னாண்டஸ் தீவைப் பற்றிச் சொல்லும் எவரும், 1704 முதல் 1709 வரை அங்கே தனியாக வாழ்ந்த ஸ்காட்லாந்து மாலுமி அலெக்சாண்டர் செல்கிர்க்கை நினைவூட்டுவார்கள். குரூசோவுக்கு அவனே மூலபுருஷன் என்றும் சொல்வார்கள். சிலி நாட்டு அரசு 1966இல் அத்தீவுக்கு ராபின்சன் குரூசோ தீவு என்றே பெயர் சூட்டிவிட்டது. ஆனால் செல்கிர்க்குக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் முற்பட்டு, அதே தீவில், மத்திய அமெரிக்கக் கரையைச் சேர்ந்த மிஸ்கிட்டோ இனத்தவன் ஒருவன் மூன்று ஆண்டுகளுக்கு மேல் தன்னந்தனியாக வாழ்ந்திருக்கிறான். 1681இல் ஸ்பானியக் கப்பல்கள் வருவது கண்டு அவனோடு வந்திருந்த ஆங்கிலேயர் அவசரமாகப் பாய் விரித்துப் போனபோது, காட்டில் ஆடு வேட்டையாடிக்கொண்டிருந்த அவன் விடுபட்டுப் போனான். கையில் ஒரு துப்பாக்கியும், ஒரு கத்தியும், கொஞ்சம் வெடிமருந்தும், சில ரவைகளும் இருந்தன. மருந்து தீர்ந்ததும், கத்தியைப் பல்பல்லாக வெட்டி ரம்பமாக்கி, அதைக்கொண்டு துப்பாக்கிக் குழலையே துண்டு துண்டாக அறுத்து, நெருப்பிலிட்டு அடித்து, எறியீட்டியும் தூண்டிலும் நீண்ட கத்தியும் செய்துகொண்டான். ஆட்டுத்தோல் வேய்ந்த குடிசை அமைத்தான். ஸ்பானியர் அவனைத் தேடிப் பலமுறை வந்தும் அகப்படவில்லை.

1684 மார்ச்சு மாதத்தில் டாம்பியர் இருந்த கப்பல் அத்தீவை நெருங்கியது. அதை முதல்நாளே தொலைவில் கண்டு, ஆங்கிலக் கப்பல் என்று தேர்ந்துகொண்ட அவன், வருகிறவர்களுக்கு விருந்தாக மூன்று ஆடுகளை அடித்துச் சமைத்து வைத்திருந்தான். கப்பலில் இருந்த இன்னொரு மிஸ்கிட்டோ மனிதன் முதலில் கரையில் குதித்து ஓடிச்சென்று, தன் இனத்தானின் காலடியில் முகம் மண்ணில் படும்படி நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். விழுந்தவனைத் தூக்கித் தழுவிக்கொண்ட மற்றவன், தானும் அப்படியே அவன் காலடியில் விழுந்தான், அவனும் தூக்கப்பட்டான். சுற்றி நின்ற கப்பற்காரர்கள் அக்காட்சியின் கனிவையும் கம்பீரத்தையும் கண்டு மகிழ்ந்து நின்றதாக டாம்பியர் எழுதுகிறார். தீவில் இருந்தவன் பெயர் வில், ஓடிவந்தவன் பெயர் ராபின். இரண்டும் ஆங்கிலேயர் வைத்த பெயர்கள்.

காலில் விழுவதன் பொருளைத் தமிழருக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பெரியோர் காலில் விழுந்தால் அவர்கள் குனிந்து தூக்கி ஆசி கூற வேண்டும் என்பது நம் சம்பிரதாயம். டாம்பியர் கண்ட கரையிலோ விழுந்தவனும் தூக்கியவனும் சமானமானவர்கள். ஆகையால் விழுதலே இரண்டு பக்கமும் நிகழ்ந்தது. டீபோ படைத்த கரையில் அது ஒரு பக்கத்தோடு நின்றுவிட்டது. தனித்தீவில் கைத்திறனால் பிழைத்துக் காட்டிய பூர்வகுடி மனிதன் சரித்திரத்தில் இருந்தான். நாவலில் அந்தக் கைத்திறன் முழுவதும் யார்க் நகரத்து வாலிபனுக்குப் போய், பூர்வகுடி மனிதனுக்கு ஏவலாளின் ஸ்தானமே மிஞ்சியது. குரூசோ கப்பலிலிருந்து இறக்கிக்கொண்ட துப்பாக்கிகள், கோடரிகள், ரொட்டி, ரம் முதலியவற்றின் நீண்ட பட்டியலையும், வில்லின் கையிலிருந்த ஒற்றைக் கத்தியையும் ஒப்பிடுவோர், இருவரில் எவன் பெரிய தொழிலாளி என்பதைத் தாமே தெரிந்துகொள்வார்கள்.

மூன்றாவது கதவுதான் என் நெஞ்சை மிகவும் வருத்துவது. பிரைடேயும் குரூசோவும் பின்னொருநாள் ஒரு ஸ்பானியனை மீட்கும்போது, அங்கிருந்த படகொன்றில் கைகால் கட்டுண்டு கிடந்த கிழவன் ஒருவனைக் காண்கிறார்கள். அவன் பிரைடேயின் தகப்பன். அந்த மகன் அழுகிறான், சிரிக்கிறான், குதிக்கிறான், முகத்தில் அறைந்துகொள்கிறான். கட்டினால் மரத்துப்போன கிழவனின் கைகளையும் கணுக்கால்களையும் தேய்த்துவிடுகிறான். நூல் முழுவதிலும் இதைவிட உயிருள்ள பக்கம் இல்லையென்றே சொல்வேன். சிறிது காலத்துக்குப் பிறகு, கரையிலிருக்கும் மற்ற ஸ்பானியர்களை அழைத்துவரக் கிழவன் அனுப்பப்படுகிறான். அவன் திரும்புவதற்குள் ஆங்கிலக் கப்பல் ஒன்று வந்துவிடுகிறது. குரூசோ அதில் ஏறித் தாய்நாடு திரும்புகிறான். பிரைடேயும் உடன் போகிறான். தகப்பனை விட்டுப் போகிறோமே என்று அவன் ஒரு சொல் சொன்னதாகவோ, ஒருமுறை திரும்பிப் பார்த்ததாகவோ எழுதப்படவில்லை. கட்டவிழ்த்துத் தகப்பனின் காலைத் தேய்த்த மகன் அப்படிப் போயிருப்பானா? டீபோ பின்னர் எழுதிய இரண்டாம் பாகத்தில் மறுபடியும் தீவுக்கு வரும்போது அவன் தந்தையைத் தூரத்திலேயே கண்டுகொண்டு பாய்ந்தோடித் தழுவுகிறான். ஆகவே அன்பு குறையவில்லை. முதற்பாகத்தின் மௌனம் பிரைடேயினுடையதாக இருக்க இயலாது. கதை சொல்பவனுடைய மௌனம் அது. அந்த இரண்டாம் பாகத்திலேயே பிரைடே நடுக்கடலில் அம்புகள் பாய்ந்து இறந்தும் போகிறான்.

இனி மறுகூற்றுகளுக்கு வருவோம்.

பிரெஞ்சு எழுத்தாளர் மிஷேல் தூர்னியே 1967இல் வெளியிட்ட நாவல் பிரைடேயின் பெயரையே தலைப்பில் தாங்கியது. அதில் ராபின்சன், தீவுக்குச் சட்டம் இயற்றி, நீர்க்கடிகாரம் வைத்து நாழிகை கணக்கிட்டு, தன்னையே ஆளுநராக நியமித்துக்கொண்டு வாழ்கிறான். பிரைடே குகைக்குள் திருட்டுத்தனமாகப் புகைபிடித்து, அச்சத்தில் எறிந்த குழாயினால் வெடிமருந்து முழுவதும் பற்றி, அந்த நாகரிகம் அத்தனையும் ஒரே கணத்தில் அழிகிறது. அதன் பிறகு குருவும் சீடனும் இடம் மாறுகிறார்கள். காற்றையும் சூரியனையும் விளையாட்டையும் பிரைடே கற்பிக்க, ராபின்சன் கற்கிறான். முடிவில் கப்பல் வரும்போது பிரைடே போய்விடுகிறான். ராபின்சன் தீவிலேயே தங்குகிறான். அழகிய நூல், ஆழ்ந்த தத்துவ விசாரமும் கொண்டது. இருந்தாலும் அதிலுள்ள நாட்குறிப்பு ராபின்சன் எழுதியதே. பிரைடே என்ன நினைத்தான் என்பதைவிட, பிரைடேயால் ராபின்சன் என்ன ஆனான் என்பதே அதன் விஷயம். தலைப்பில் பெயர் மாறியது, சிங்காசனம் மாறவில்லை.

செயின்ட் லூசியா தீவில் பிறந்த டெரெக் வால்காட் 1978இல் எழுதிய 'பாண்டோமைம்' நாடகம் இரண்டே பாத்திரங்களைக் கொண்டது. டொபேகோ தீவில் விடுதி நடத்தும் ஆங்கிலேயர் ஒருவரும், அங்கே வேலைபார்க்கும் கலிப்ஸோ பாடகர் ஜாக்சன் என்பவரும் விருந்தினர்களுக்காகக் குரூசோ கதையை நடிக்க எண்ணி, கறுப்பர் குரூசோவாகவும் வெள்ளையர் ஏவலாளாகவும் வேடத்தை மாற்றிப் பார்க்கிறார்கள். வேடிக்கையாகத் தொடங்கியது வினையாகிறது. எஜமானருக்குச் சகிக்க முடியவில்லை. ஜாக்சன் கடைசியில் சம்பள உயர்வுப் பேச்சை எடுப்பதுதான் இந்நாடகத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம். ஸூரியின் அறுபது வெள்ளிக்கு அங்கே ஒரு பதில் இருக்கிறது.

தென்னாப்பிரிக்க எழுத்தாளர் ஜே. எம். குட்ஸி 1986இல் எழுதிய 'ஃபோ' இவை எல்லாவற்றிலும் கடினமானது. தொலைந்துபோன மகளைத் தேடி பிரேசில் நாட்டுப் பாஹியாவுக்குச் சென்ற சூசன் பார்ட்டன் என்ற ஆங்கில மாது, திரும்பும் வழியில் கலகக்காரர்களால் படகில் தள்ளப்பட்டு, குரூசோவின் தீவில் ஒதுங்குகிறாள். அங்கே அவள் காணும் குரூசோ, நாட்குறிப்பு எழுதாதவன். விதைக்க ஒரு விதையும் இல்லாமல் கல்லடுக்கி அடுக்கடுக்காக நிலம் திருத்திக்கொண்டே இருப்பவன். பிரைடே ஆப்பிரிக்கன், நாக்கு அறுபட்டவன் என்று குரூசோ சொல்கிறான், அறுத்தவர் அடிமை வியாபாரிகளா, வேறு எவருமா என்பது தெளிவாவதில்லை. மீட்கும் கப்பலிலேயே குரூசோ இறந்துபோகிறான். சூசன், பிரைடேயோடு லண்டனுக்கு வந்து, கடன்காரருக்குப் பயந்து ஒளிந்து வாழும் ஃபோ என்ற எழுத்தாளரிடம் தன் கதையை எழுதித் தரும்படி கேட்கிறாள். அவரோ அதில் நரமாமிசம் தின்பவர்களையும் காணாமற்போன மகளையும் புகுத்தி விறுவிறுப்பூட்டப் பார்க்கிறார். டீபோவின் நூலில் தீவில் ஒரு பெண்ணும் இல்லையே என்ற கேள்விக்கு இங்கே ஒரு விடை கிடைக்கிறது: அவள் இருந்தாள், எழுதும்போது நீக்கப்பட்டாள் என்பதே அது.

ஆனால் சூசனின் குரலை மீட்பதோடு குட்ஸி திருப்தியடையவில்லை. தீவில் பிரைடே ஒருநாள் மரக்கட்டையில் ஏறித் துடுப்பு வலித்துச் சென்று, கடல்மேல் வெண்ணிற இதழ்களைத் தூவியதை அவள் பார்த்திருக்கிறாள். எதற்காக, யாருக்காக என்று அவளுக்குத் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளாமல் தீவின் கதையை எவராலும் முழுமையாகச் சொல்ல முடியாது என்பதை மெல்ல மெல்ல உணர்கிறாள். எழுதக் கற்பிக்கிறாள், அவன் பலகையில் கால் முளைத்த கண்களை வரைந்து, உடனே அழித்துவிடுகிறான். தனக்குக் குரல் வேண்டும் என்று போராடுகிற பெண்ணே இன்னொருவனுடைய மௌனத்தின் முன்னால் கையற்று நிற்கும் இந்நிலை, மறுகூற்று என்ற முயற்சிக்கே வைத்த பரீட்சை. பிறர் பொருட்டுப் பேசுகிறேன் என்று புறப்படுகிறவன், அவர்கள் வாயில் தன் சொற்களையே வைத்துவிடுகிற அபாயத்தை இதைப்போல் நேர்மையாக ஒப்புக்கொண்ட நூலை நான் அறியேன்.

அந்நூலின்மேல் எனக்குள்ள மதிப்பு அளவு கடந்தது. ஆயினும் ஒன்று சொல்ல வேண்டும். டீபோவின் பிரைடே ஊமையல்லன். சாத்தானைப் பற்றிக் குரூசோ உபதேசம் செய்யும்போது, கடவுளுக்கு அவனைவிட வல்லமை அதிகமென்றால் அவனைக் கொன்றுவிடாதது ஏன் என்று அவன் கேட்கிறான். குரூசோ விடை தெரியாமல், காதில் விழாதவன்போல் இருந்துவிடுகிறான். இரவல் மொழியில், இலக்கணம் தெரியாமல் கேட்ட கேள்வியானாலும், கேட்டவன் சிந்திக்கத் தெரிந்தவன். அவனுடைய நாக்கை அறுத்ததனால் அடிமை வியாபாரத்தின் கொடுமை நம்மைச் சுடுகிறது, உண்மை. ஆனால் அந்தக் கேள்வியும், தகப்பனைக் கண்டபோது எழுந்த அந்த அழுகையும் சிரிப்பும் அங்கே இல்லாமற் போகின்றன. குட்ஸி கொடுத்த விலை பெரிது. பிரைடே பேசுகிற இடங்களிலிருந்து தொடங்கும் மறுகூற்று ஒன்று நமக்கு இன்னும் தேவை.

தமிழ் வழங்கும் நிலத்தையும் இக்கதை ஓரிடத்தில் தொடுகிறது. டீபோவுக்குப் பயன்பட்டிருக்கக்கூடிய நூல்களுள் ஒன்றாக ஆராய்ச்சியாளர் கருதுவது, ராபர்ட் நாக்ஸ் 1681இல் வெளியிட்ட இலங்கைச் சரித்திரம். டீபோ 1720இல் எழுதிய 'காப்டன் சிங்கிள்டன்' நாவலில் நாக்ஸின் கதையைச் சுருக்கியே தந்திருக்கிறார். திருகோணமலைக்குத் தெற்கேயுள்ள கொட்டியாரக் குடாவில் 1660இல் தந்தையோடு பிடிபட்ட நாக்ஸ், கண்டி மன்னனின் ராஜ்யத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறையிருந்தார். தொப்பி பின்னி விற்றுப் பிழைத்தார். ஒரு தொப்பியைக் கொடுத்தே தமக்கொரு பைபிள் வாங்கினார். கடைசியில் 1679இல், அனுராதபுரத்தைக் கடந்து, அருவியாற்றின் கரையோரமாக நடந்து, மன்னார்ப் பக்கத்து அரிப்புக் கோட்டையில் இருந்த டச்சுக்காரரிடம் போய்ச் சேர்ந்தார். அந்த வழியில் தமிழ் பேசும் மக்களைக் கண்டதை அவர் எழுதியிருக்கிறார். அவர்கள் அவரைப் பற்றி என்ன பேசிக்கொண்டார்கள் என்பது எழுதப்படவில்லை.

மாணவ நண்பர்களே, உங்களில் கதை எழுதுவோர் இருப்பீர்கள். முதலில் டீபோவின் நூலைச் சுருக்கமாக அன்றி முழுமையாக, இரண்டாம் பாகத்தோடு சேர்த்துப் படியுங்கள். டாம்பியரின் நூலில் வில்லைப் பற்றிய அந்தச் சில பக்கங்களையும் தவறாமல் படியுங்கள். பிறகு உங்களுக்கு விருப்பமான கதவைத் தேர்ந்துகொள்ளுங்கள்: ஸ்பானியர்களோடு திரும்பிவந்து மகனைக் காணாமல் தீவில் நின்ற தகப்பனையோ, அருவியாற்றங்கரையில் ஓர் அந்நியனைக் கண்ட தமிழ்க் குடும்பத்தையோ, அறுபது வெள்ளிக்கு விலைபோய்க் கப்பலோடு பிரேசிலுக்குச் சென்ற ஸூரியையோ நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். எனக்கு விருப்பம் ஸூரியின் கதை. பத்தாண்டுக்குப் பின் அவனுக்கு விடுதலை கிடைத்ததா என்று டீபோ சொல்லவில்லை. நீங்கள் தமிழில் சொல்லுங்கள்.